விளையாடப் போகும் பிள்ளையிடம் கேட்டது

பால்வாடியில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஸ்டெல்லா, அலமாரிச் சாவி வாங்கிப்போகப் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். பயிற்சி முடித்த கையோடு வந்த பெண். சாவியை வாங்கிக்கொண்டும் போகாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். விளையாட்டு நேரத்துல ஒரு பிள்ளை கூட ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது. என்ன செய்யப் போறன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குதுக. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

இடுப்பில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அடுப்பில் கேழ்வரகுக் கூழ் அடிபிடிக்கும் நிலையில் இருந்தது. "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் தெரு திரும்பிய பிறகுதான், அது பதிலே இல்லை என்று உறைத்தது. எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான் யாரோ சொன்னார்கள். போகப் போக ஒன்றும் தானாகச் சரியாகவில்லை. அதனால் அவளுக்காகவும், அவளைப் போல வருகிறவர்களுக்காகவும் இதை எழுதி வைக்கிறேன். நான் செய்தது முழுக்கச் சரி என்று இன்றும் எனக்குத் துணிந்து சொல்லத் தெரியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயதல்ல என் வயது. இரண்டாவது பிள்ளை பிறந்தபின் உடம்பு கேட்கவில்லை, வேலையை விட்டேன். நான் பிறந்த ஊர் கமுதிப் பக்கம். அய்யாவுக்கு மிளகாய் விவசாயம். பத்தாம் வகுப்பு முடித்ததும் கல்யாணம். அவருக்கு உச்சிப்புளி ஸ்டேஷனில் ரயில்வே வேலை. பெரியவன் செந்தில் பால் மறந்த கையோடு, பால்வாடி டீச்சராவதற்கான பால சேவிகா பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். மதுரையில் சில மாதம் பயிற்சி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையை விட்டு வந்த ஏக்கத்தில் பாதிப் பாடம் காதில் ஏறவில்லை. ஏறியவரை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

அப்படி மனப்பாடம் செய்ததில் முக்கியமானது விளையாட்டு நேரத்து முறை. எங்கள் பயிற்சி ஆசிரியை அதை வரிசையாகச் சொல்லித் தந்தார். விளையாட்டுக்கு முன் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி அழைத்து, "இன்றைக்கு என்ன விளையாடப் போகிறாய்?" என்று கேட்க வேண்டும். பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் எழுந்து போகலாம். நடுவில் கவனம் சிதறினால் அதட்டக்கூடாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ என்ன செய்யப் போவதாகச் சொன்னாய்?" என்று மெதுவாக நினைவூட்ட வேண்டும். முடிந்ததும் வட்டத்துக்குத் திரும்பி வந்து செய்ததைச் சொல்ல வேண்டும். யோசித்துத் தொடங்கவும், தொடங்கியதில் நிலைக்கவும் பிள்ளை இப்படித்தான் பழகும் என்றார். அது நல்ல முறை என்றே இன்றும் நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பால்வாடி உச்சிப்புளியிலிருந்து கடற்கரைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தது. மாதா கோவிலை ஒட்டி ஓலைக் கொட்டகை. பனங்காட்டு மணலில் நடந்து போக வேண்டும். செந்திலைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதி வழி தூக்கிக்கொண்டு போவேன். கொட்டகையில் கட்டைகள், சோழி, கிளிஞ்சல், தேங்காய்ச் சிரட்டை, கிழிந்த வலைத் துண்டுகள், நுங்கு வண்டி எல்லாம் இருந்தன. பால் பொடி டின்களும் வரும்.

முதல் நாளே வட்டமாக உட்கார வைத்தேன். முதலில் செந்திலைக் கேட்டேன். "கட்டையில வீடு கட்டப் போறேன்மா" என்றான். வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். அடுத்து ஆரோக்கியம் என்ற வாயாடிப் பெண். அவளைக் கேட்டதும் நேரே தண்ணீர்ப் பானைக்குப் போய் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி கேட்டேன். "கட்ட" என்றாள். சொல்லிவிட்டுக் கிளிஞ்சல் பக்கம் போனாள். நான் முறைப்படி போய், "கட்டைன்னு தானே சொன்ன?" என்று நினைவூட்டிக் கட்டைக்குக் கூட்டி வந்தேன். அவள் கட்டையைக் காலால் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான். கேட்டால் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றுக்குப் போவார்கள். நான் இழுத்துக் கொண்டு வருவேன், மறுபடி ஓடுவார்கள். விளையாட்டு நேரம் முடியும்போது எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

இவர்கள் எல்லாரையும்விட என்னை வாட்டியவள் லூர்தம்மாள். ஆரோக்கியத்தைவிடச் சிறியவள். எதுவும் சொல்ல மாட்டாள். சொல்லாதவள் எழக்கூடாது என்பதால் வட்டத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பார்க்கச் சகிக்காமல் மறுபடி கேட்பேன். எழப் போனவள், கேட்டதும் உட்கார்ந்துவிடுவாள். நான் கேட்கக் கேட்க அவள் உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

அவள் அம்மா மிக்கேலம்மாள் கருவாடு காயப்போடும் களத்தில் வேலை செய்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். பால்வாடி வருவதற்கு முன் மிக்கேலம்மாள் இந்தப் பிள்ளையைக் கணுக்காலில் கயிறு போட்டுக் களத்துக் கம்பத்தில் கட்டி வைத்திருந்தாள். அவளே சொன்னாள்.

"கட்டாம என்ன செய்யச் சொல்றீய டீச்சரம்மா? ஒருக்கா அவுத்து விட்டேன், திரும்பிப் பாக்குறதுக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிக்கிது. ஆட்டுக்குட்டி மாதிரி கட்டி வச்சிருக்கான்னு குப்பமே சிரிக்கிது. சிரிக்கிறவளுக வந்து பிள்ளையப் பாத்துக்கிற வேண்டியதுதான? ஒருத்தியக் காணோம்."

பிள்ளையின் கணுக்காலில் தோல் தடித்துக் கறுத்திருந்தது. காலையில் கொண்டுவந்து விடும்போது அதைப் பார்க்காமல் இருக்க முயல்வேன், கண் அங்கேதான் போகும்.

எங்கள் மேற்பார்வை அம்மா பேர் கோமதி. ராமநாதபுரத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குவார். கைத்தறிச் சேலை, கறுப்புக் குடை, துணிப்பை. குரலை உயர்த்த மாட்டார். என்னைப் போன்ற சின்னப் பெண்ணைக்கூட 'நீங்கள்' என்றுதான் சொல்வார், அதிலேயே எனக்குப் பயம் கூடிவிடும். கொட்டகைக்குள் வருமுன் கால் கழுவுவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கதவுக்குப் பின்னால் உட்கார ஓர் ஓலைத் தடுக்கு கேட்பார். உட்கார்ந்ததும் பையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து இடது கையில் வைத்துக்கொள்வார். ஒரு பிள்ளையை மட்டும் பார்ப்பார். அந்தப் பிள்ளை எடுத்த பொருளை விட்டு வேறெங்காவது போகும்போது ஒரு கொட்டையை வலது கைக்கு மாற்றுவார். அவர் பார்க்கிற நேரத்தில் நாங்கள் அவரிடம் பேசக்கூடாது, பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கவும் கூடாது. முடிவில் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். வேறு பேச்சு இருக்காது.

ஒரு தடவை வந்தபோது அவர் லூர்துவைப் பார்த்தார். கொட்டையே நகரவில்லை, ஏனென்றால் பிள்ளை எதையும் எடுக்கவே இல்லை. இடது கையை மூடியபடியே என்னைக் கேட்டார்.

"இந்தப் பிள்ளை ஒரு நாளாவது சொல்லிட்டு விளையாடப் போச்சா?"

"இல்லைங்கம்மா."

"வீட்ல பேசுமா?"

"பேசும்னு அவங்க அம்மா சொல்றாங்க."

அவர் வெளியே பார்த்தார். இடம் கேட்டு வந்த இரண்டு தாய்மார் பிள்ளைகளோடு வேலியோரம் நின்றார்கள்.

"பால் டின் அளவாத்தான் வருது. இங்கன வந்து சும்மா உக்காந்திருக்கிற பிள்ளைக்காக, அங்கன நிக்கிற பிள்ளைய எத்தனை நாள் நிறுத்தி வைக்கிறது? அடுத்த தடவை நான் வரும்போதும் இப்படியே இருந்தா, இவ பேரை எடுத்துட்டு இடத்தை அதுக்குக் குடுத்திருங்க."

அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. வேலியோரம் நின்ற பிள்ளைகளும் பிள்ளைகள்தான். ஆனால் பேரை எடுத்தால் லூர்து எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் இன்னும் அதிகமாகக் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். கையைப் பிடித்துக் கேட்டேன். "கிளிஞ்சல்னு சொல்லு தாயி, போதும்" என்றேன். அவள் என் முகத்தையே பார்ப்பாள், பயந்த பார்வை இல்லை. நான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்வதுபோல அந்தப் பார்வை இருக்கும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் புலம்பினால், "நீ கேக்குற கேள்விக்கு எனக்கே பதில் வராது" என்பார். செந்தில் மட்டும் தினமும் கணீரென்று பதில் சொல்வான். மற்றப் பிள்ளைகள் கெட்டிக்காரத்தனத்தில் குறைவோ என்றுகூட அப்போது நினைத்தேன்.

ஒரு நாள் மதியம், பால் குடித்து முடித்து, தாய்மார் வருவதற்காகப் பிள்ளைகள் காத்திருந்த நேரம். நான் கொட்டகைக்குள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்க மணலில் பிள்ளைகள் கிழிந்த பாயை விரித்து, கடலுக்குப் போகும் வள்ளம் ஆக்கியிருந்தார்கள். ஓலைத் தடுப்பு வழியாகப் பார்த்தேன். லூர்து முன்னால் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தாள். வலைத் துண்டு, சிரட்டை, கயிறு எல்லாம் பாயில் ஒழுங்காக வைத்திருந்தது. தள்ளுவதற்குக் கை வைத்தார்கள். அப்போது செந்தில் ஓடிப்போய், அச்சு அசல் என்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீங்க எங்க போறீங்க? என்ன செய்யப் போறீங்க?"

"போச்சு" என்றது ஒரு குரல்.

"ஏலே, கெடுத்துப்புட்டியே" என்றாள் ஆரோக்கியம்.

ஒருவரும் அவனை அடிக்கவில்லை. எல்லாரும் வள்ளத்தை விட்டு இறங்கினார்கள். மணலில் உட்கார்ந்தார்கள். ஒரு சிரட்டை கை மாறியது. ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு லூர்து எழுந்தாள். செந்தில் பக்கத்தில் போய் நின்று, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"கடலுக்குப் போகையில கேக்கப்படாது. வந்தப்புறம் கேளு, சொல்லுவம்."

அவள் குரலை அவ்வளவு நீளமாக நான் கேட்டது அன்றுதான். மறுபடி எல்லாரும் ஏறினார்கள். மிக்கேலம்மாள் வந்து கூப்பிடும்வரை ஒரு பிள்ளைகூட அந்தப் பாயை விட்டு இறங்கவில்லை.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எனக்குத் தெரியாத சங்கதியா இது? கமுதிச் சந்தைக்கு அய்யா மூட்டை ஏற்றிப் புறப்படும்போது யாராவது எங்கே என்று கேட்டால், வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது நானே கேட்க மாட்டேன். ஆனால் கட்டையும் சிரட்டையும் எடுத்து விளையாடப் போவதும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு புறப்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினம் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி நிறுத்தி, கேட்கக்கூடாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்தது கவனச் சிதறல் இல்லை. ஒன்றைச் சொல்லி வேறொன்றுக்குப் போனதும் அப்படித்தான். போகிற இடத்தை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. லூர்து பொய்யும் சொல்லாமல், மெய்யும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார். "படிச்சவ நீ, சகுனத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கூட்டியாரப் போறியாக்கும்? அப்புறம் பூனை குறுக்க வந்தா லீவு விடுவியா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு உறுத்தியது. மூடப்பழக்கத்தைப் போக்க வேண்டியவள் அதற்கு வளைந்து கொடுப்பதா? பயிற்சியில் சொன்னதை மாற்ற நான் யார்? ஆனால் பிள்ளை யோசித்துத் தொடங்குவது வேண்டுமா, எனக்கு வாயால் சொல்வது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால், முதலாவதுதான் வேண்டும் என்று பட்டது.

கடலுக்குப் போகிறவர்கள் திட்டமில்லாமல் போவதில்லை. என்ன வலை, எவ்வளவு கயிறு என்று முதல் நாளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதையே செய்தேன். பிள்ளைக்கு ஒன்றாகக் கொட்டான்கள், பனையோலைச் சின்னக் கூடைகள், முடையச் சொல்லி வாங்கினேன். மதியம் வீட்டுக்குப் போகுமுன், "நாளைக்கு என்னென்ன வேணும், எடுத்து வைங்க" என்பேன். ஒவ்வொருவரும் தன் கொட்டானில் தேவையானதை எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் ஒன்றும் கேட்க மாட்டேன். கொட்டானைத் தூக்கிக்கொண்டு போவார்கள். யாராவது நடுவில் விட்டுவிட்டுத் திரிந்தால், பேசாமல் அந்தக் கொட்டானைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வைப்பேன், அவ்வளவுதான். முடித்து வந்ததும் வட்டத்தில் உட்கார வைத்து, கரையில் கேட்பதுபோல, "பாடு எப்படி?" என்பேன். என்ன கிடைத்தது என்று அர்த்தம். அதற்குத்தான் வாயில்லாத பிள்ளைகள் எல்லாம் முந்திக்கொண்டு பேசின.

லூர்து முதல் சில நாள் வெறும் கொட்டானை வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு சிரட்டை. பிறகு கயிறு. செந்திலுக்குத்தான் இது பிடிக்கவில்லை. கேட்டுப் பதில் சொல்லிப் பழகியவன், கொட்டானில் என்ன வைப்பதென்று என் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் கட்டிய வீடெல்லாம் எனக்காகக் கட்டியதுதானா என்று அப்போது சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

கோமதி அம்மா அடுத்து வந்த அன்று ஸ்டேஷனுக்கே போய்க் கூட்டி வந்தேன். வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் தொண்டிப் பக்கத்துப் பால்வாடி ஒன்றில் கூரை பறந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. கொட்டகை வந்துவிட்டது. கால் கழுவினார். தடுக்கில் உட்காருமுன், கொட்டானோடு எழுந்த லூர்துவைப் பார்த்து அவரே கேட்டார்.

"பாப்பா, இன்னைக்கு என்ன விளையாடப் போறே?"

லூர்து கொட்டானைக் கீழே வைத்தாள். தண்ணீர்ப் பானைக்குப் போனாள். குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். புளியங்கொட்டை ஒன்று வலது கைக்குப் போனது. வாயைத் திறக்கக்கூடாது என்ற விதியை மீறிவிடலாமா என்று ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன். மீறினால் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தேன் என்றாகும். முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

லூர்து எழுந்தாள். கொட்டானை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். வலைத் துண்டை விரித்தாள். இரண்டு முனையிலும் கயிறு முடிந்து, ஒவ்வொரு கயிற்றோரமும் சோழிகளை ஆள் மாதிரி வரிசையாக நிறுத்தினாள். நடுவில் கிளிஞ்சல் மீன். ஒரு பக்கத்தை இழுத்தால் மறுபக்கம் கோணியது. அவிழ்த்துக் கட்டினாள். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள். பக்கத்தில் நுங்கு வண்டி சத்தத்தோடு ஓடியது, தலையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். ஒரு பயல் வந்து மீன்களை அள்ளிக்கொண்டு ஓடினான். துரத்திப் போய்ப் பிடுங்கி வந்து அதே இடத்தில் போட்டாள். நான் கோமதி அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டைக்கு மேல் நகரவில்லை.

முடித்ததும் கொட்டானோடு நேரே அவர் முன்னால் வந்து நின்றாள். முதலில் கேட்டவர் அவர்தானே, அவரே கேட்பார் என்று நின்றாள். அவருக்கு அது தெரியாது. பிள்ளை பேசுமென்று அவர் காத்திருந்தார். அவர் கேட்பாரென்று பிள்ளை காத்திருந்தது. லூர்துவின் உதடு மடங்க ஆரம்பித்தது. திரும்பப் போகக் காலைத் தூக்கினாள்.

"ஏ லூர்து, பாடு எப்படி?" என்று எங்கிருந்தோ கத்தினாள் ஆரோக்கியம்.

"நல்ல பாடு" என்றாள் லூர்து. பிறகு மடை திறந்தது. "மொதல்ல வல போட்டம். வடக்குக் கவுறு பத்தல. ஆளுக இழுத்தா கோணிக்கிருச்சு. அவுத்து முடிஞ்சன். சவரி மீனத் தூக்கிட்டு ஓடிட்டான், கள்ளன். புடுங்கிட்டு வந்து போட்டுட்டன். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒன்னா இழுத்தம். அம்புட்டும் வந்திருச்சு." மூச்சு வாங்கினாள். "நாளைக்குக் கவுறு நீட்டமா வேணும். டீச்சரு சீல ஓரத்தக் கிழிச்சுத் தரணும்."

கோமதி அம்மா என் சேலை ஓரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"இதெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொல்லத்தாம்மா ஸ்டேஷனுக்கு வந்தேன்."

"வழியெல்லாம் நான்தான் பேசிட்டு வந்தேன், இல்ல?" என்றவர், கொட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டார். கொட்டான்களைத் தூக்கிப் பார்த்தார். "பேர் இருக்கட்டும்" என்றார். எழுந்து குடையை எடுத்த பிறகு ஒன்று சொன்னார். "ஒன்னாம் வகுப்புல வாத்தியார், என்ன செய்யப் போறேன்னு முன்னாடியேதான் கேப்பார். அதுக்கும் இவளைப் பழக்கணும். அவசரமில்லை. ஆனா அது உங்க பொறுப்பு. வேலியில நிக்கிற பிள்ளைகளுக்கு எங்கயாவது பால் கிடைக்குமான்னு நான் பாக்குறேன்."

ஸ்டெல்லா, அதற்குப் பழக்கினேன். பாதிதான் முடிந்தது என்று நினைக்கிறேன். மீதி உன் கையில்.

அன்று மதியம் மிக்கேலம்மாள் உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மேலதிகாரி வந்துபோனது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் என் வாயைப் பார்த்தாள்.

"பேர் இருக்கு. நாளைக்கும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். வானத்தைப் பார்த்தாள்.

"அப்ப இன்னும் செத்த நேரம் இங்கனயே இருக்கட்டும் டீச்சரம்மா. வெயில் தாழுமுன்ன கருவாட்டப் பெரட்டிப் போட்டுட்டு வந்துர்றேன். கையில பிள்ளய வச்சிக்கிட்டு ஒன்னும் ஓட மாட்டேங்குது."

வீட்டுக்குப் போக எனக்கும் நேரமாகியிருந்தது. செந்தில் மடியில் தூங்கிவிட்டான். சரி என்றேன். அவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு மணலில் வேகமாக இறங்கிப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.